பாதியில் நின்ற பற்றவைப்பு

எஃகை எவ்வளவு வேகத்தில் சூடேற்றுவது, எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் நிறுத்துவது, எப்போது உலைக்கதவைத் திறப்பது என்பதெல்லாம் இந்த வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அவற்றைச் சொல்லித்தர ஆட்களும் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு சித்திரை மாதத்துப் பிற்பகலைப் பற்றி. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது என்னை விடவில்லை. உங்களில் யாருக்காவது அப்படி ஒரு பிற்பகல் வராமல் போகாது என்பதால் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து சங்ககிரி போகிற சாலையில் இருந்தது எங்கள் தொழிற்சாலை. ரசாயன ஆலைகளுக்கான பெரிய அழுத்தக் கலன்கள் செய்வோம். நான் அங்கே எஸ்.ஆர். பிரிவின் பொறுப்பாளர். பற்றவைத்த எஃகுக்குள் இறுகிக் கிடக்கும் விறைப்பைச் சூடேற்றித் தளர்த்துவதற்குத்தான் எங்கள் வட்டாரத்தில் எஸ்.ஆர். என்று பெயர். சூடேற்றிய கலனுக்குள் ஆள் இறங்குவதற்கான பர்மிட்டில் கையெழுத்துப் போடுவதும் என் வேலை.

அந்த உரிமை எனக்கு வந்த அன்று, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் என்னை ஒரு கலனுக்குள் அனுப்பினார். வெளிப்புறம் முழுக்க ஹீட்டர் கட்டியிருந்தது. உள்ளே கம்பளிமேல் பலகை போட்டு அதில் படுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம்தான். வெளியே வந்தபோது கண்ணாடிச் சட்டம் கன்னத்தைச் சுட்டிருந்தது. பேச நாக்கு எழவில்லை. "சரிம்மா, இப்பக் கையெழுத்துப் போடு" என்றார். அதைப் பற்றி அவர் பிறகு பேசியதே இல்லை.

இனி அந்தக் கலனைப் பற்றி. வெளிச்சுவர் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த தடித்த எஃகு. உள்பக்கம் துரு அண்டாத எவர்சில்வர் தகட்டை அதோடு ஒட்டவைத்திருக்கும். கிளாடு என்போம். சிக்கல் என்னவென்றால், பற்றவைத்தபின் வெளி எஃகுக்குச் சூடு கட்டாயம் வேண்டும். உள்ளே இருக்கும் கிளாடுக்கோ ஒவ்வொரு சூடும் கேடு. துருவைத் தாங்கும் அதன் பலம் குறைந்துகொண்டே போகும். அதனால் இத்தனை முறைதான் சூடேற்றலாம் என்று தொடக்கத்திலேயே அளவு கட்டிவிடுவார்கள். அந்தக் கலனுக்கு முதல் சூடு முடிந்திருந்தது. பழுது ஏதாவது வந்தால் நாங்கள் கொடுக்கக்கூடியது இன்னும் ஒரே ஒரு சூடு.

பழுது வந்தது. அடியில் இருந்த ஒரு குழாய்வாயைச் சுற்றி, கிளாடைத் தாண்டி எஃகுக்குள் ஓடிய ஒரு வெடிப்பு. அதைத் தோண்டி எடுத்து, புதிதாகப் பற்றவைத்து, மிச்சமிருந்த அந்த ஒரு சூட்டைக் கொடுத்து அனுப்பவேண்டும். அந்தச் சூட்டுக்குப் பிறகும் வெடிப்பு தெரிந்தால் கலன் அவ்வளவுதான், உடைக்கப் போகும்.

அந்த வகை எஃகைப் பற்றவைக்கும்போது தொடக்கம் முதல் கடைசிவரை அது சூடாகவே இருக்கவேண்டும். இது குறைந்த சூடு, எஸ்.ஆர். கணக்கில் சேராது. பாதியில் திடீரென்று குளிர்ந்தால் வெடிக்கும். ஆகவே வெளியே ஹீட்டர் எரிந்துகொண்டிருக்க, ஆள் உள்ளே படுத்து வெல்டு போடுவார். அதற்கு எங்களிடம் தகுதி பெற்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் கெங்கவல்லியில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். இன்னொருவர் பழனிசாமி.

பழனிசாமி பக்கத்து இளம்பிள்ளை ஊர்க்காரர். ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான, கோபக்கார மனிதர். அவர் போட்ட எந்த இணைப்பும் சோதனையில் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறைய. உள்ளே படுத்தால் வாய் ஓயாது. காற்று வரவில்லை, தண்ணீர் சூடாக இருக்கிறது, குழாயை எவன் மிதிக்கிறான் என்று ஆள் இறங்கும் துளையான மேன்ஹோலில் நிற்பவரை வறுத்தெடுப்பார். மேன்ஹோலில் எப்போதும் நிற்பவர் செல்வராசு. அவரும் வெல்டர்தான், ஆனால் இந்த எஃகுக்குத் தகுதி பெற்றவர் அல்ல. திட்டு வாங்கியே பழகிப்போனவர்.

இரண்டாவது ஆள் வரும்வரை காத்திருக்கலாம் என்று நான் சொன்னேன். ஆலை மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. கலனைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக டிரெய்லர் வந்து முற்றத்தில் நின்றிருந்தது. வாங்குபவர்களின் ஆய்வாளரும் வந்து உட்கார்ந்திருந்தார். தோண்டிய பள்ளத்தை நிரப்ப, வெல்டைச் சுற்றிச் சுற்றி அடுக்கடுக்காகப் போடவேண்டும். ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் பழனிசாமி வெளியே வந்து உட்காரவேண்டும் என்று எழுதி வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் இரண்டு அடுக்குகள் முடிந்ததும் வெளியே வந்தார். மோரைக் குடித்தார், செல்வராசுவைத் திட்டினார், மறுபடி இறங்கினார். மூன்றாவது அடுக்கு முடிந்தும் வரவில்லை. "இதையும் ஒரு சுத்து போட்டுட்டு ஒரேடியா வாரனுங்க" என்று குரல் வந்தது. மேலாளர் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் இருந்த ஆசை எனக்கும் இருந்தது. இன்னும் ஓர் அடுக்கு போனால் பாதிக்கு மேல் தாண்டிவிடும்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தகரக் கூரையின் கீழே நிற்கவே முடியவில்லை. செல்வராசு குனிந்து கேட்டார்.

"ஏனுங்ணா, காத்து போதுங்களா?"

"போதுஞ் சாமி."

செல்வராசு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அந்த மனிதர் காற்று போதும் என்று சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். அவர் தண்ணீர் கேட்டும் வெகுநேரம் ஆகியிருந்தது.

நான் மேன்ஹோலுக்குள் தலையை நீட்டினேன். அனல் முகத்தில் அறைந்தது. வெல்டின் வெளிச்சம் தெரிந்தது, சத்தமும் கேட்டது.

"பழனிசாமி, வெளிய வாங்க."

"வாரனுங்க."

வெளிச்சம் நிற்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"வாரனுங்க." அதே குரல், அதே இழுப்பு.

"கரண்ட் எவ்வளவு வச்சிருக்கீங்க, பழனிசாமி?"

"வாரனுங்க."

நான் பின்வாங்கியதும் மேலாளர் அருகில் வந்தார். "பதில் சொல்றார் இல்ல மேடம்? வேலையும் ஒழுங்காத்தான் நடக்குது. இந்த நேரத்துல தொந்தரவு பண்ணாதீங்க."

பதில் சொல்கிறார் என்பது உண்மை. வேலை நடக்கிறது என்பதும் உண்மை. என்னிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. வெப்பமானிகள் எல்லாம் எஃகில் ஒட்டியிருந்தன. அந்த மனிதர் உடம்பில் ஒன்றுகூட இல்லை. நான் போய் வெல்டிங் மெஷினை அணைத்தேன்.

உள்ளே இருட்டியது. அவர் கத்துவார், கெட்ட வார்த்தையில்கூடத் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அப்படித் திட்டியிருந்தால் மெஷினை மறுபடி போட்டிருப்பேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, யாரும் கூப்பிடாமலேயே, உள்ளிருந்து குரல் வந்தது.

"வாரனுங்க."

"ஹீட்டரை அணைங்க" என்றேன். "பெரிய ஃபேனைக் கொண்டாங்க. உள்ள காத்து அடிக்கணும். செல்வராசு, பெல்ட்டைக் கட்டிக்கிட்டு இறங்குங்க."

மேலாளர் என் முன்னால் வந்து நின்றார். அவர் கெட்டவர் அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கலனுக்காக வீட்டுக்குப் போகாமல் கிடந்தவர். "ஹீட்டரை அணைச்சு குளிர்காத்து அடிச்சா அந்த வெல்டு போச்சு. உங்களுக்குத் தெரியாததில்ல" என்றார்.

"தெரியும் சார்."

"செல்வராசு போய்க் கூட்டிட்டு வரட்டும். ஹீட்டர் எரியட்டும்."

"எரியற கலனுக்குள்ள இன்னொரு ஆளை அனுப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

ஹீட்டரைக் கவனித்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். நானே போய் ஹீட்டரை அணைத்தேன்.

ஃபேன் ஓடத் தொடங்கி அனல் சற்றுத் தணிந்ததும் செல்வராசு இறங்கினார். பழனிசாமி தம் காலாலேயே நடந்து வெளியே வந்தார். இதுதான் பின்னால் எனக்கு எதிராக நின்றது. முகம் சிவந்திருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. தலையில் தண்ணீர் ஊற்றினோம், ஈரத்துணி போர்த்தினோம். சற்று நேரத்தில் கண்ணைச் சிமிட்டிச் சுற்றிலும் பார்த்தார். அப்புறம்தான் அந்தக் கோபம் வந்தது.

"யாருங்க மெஷினை ஆஃப் பண்ணது?"

"நான்தான்" என்றேன்.

"ஏனுங்க மேடம்? நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒரு சுத்துங்க. ஒரே ஒரு சுத்து. என் ஜாயின்ட் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லீங்க, இத்தன வருசத்துல."

ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது, படுங்கள் என்றேன். கேட்கவில்லை. செல்வராசுவின் கையை உதறிவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது, அவர் பஸ் ஏறிவிட்டதாகக் காவலாளி சொன்னார். செல்வராசுவை பைக்கில் பின்னாலேயே அனுப்பினேன். அவர் சாயங்காலம் திரும்பி வந்து, "தூங்கிட்டு இருக்காருங்களாம். ஒண்ணுமில்லைன்னு அவுரு ஊட்டுக்கார அக்கா சொல்லுச்சுங்க" என்றார்.

மறுநாள் அல்ட்ராசானிக் வைத்துப் பார்த்தோம். பாதி வெல்டில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு. முன்பைவிட ஆழமாகத் தோண்டவேண்டும் என்றாகிவிட்டது. டிரெய்லர் காலியாகத் திரும்பிப் போனது. இதே ஆலைக்கு நாங்கள் செய்வதாக இருந்த அடுத்த கலனை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை நம்பி ஷெட்டில் எடுத்த புதிய ஆட்களை நிறுத்தவேண்டி வந்தது. அவர்களில் இருவர் என் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். "நல்லா இருந்த மனுசனை வெளிய இழுத்துப் போட்டு வேலையக் கெடுத்துட்டாங்க."

அந்த நாட்களில் நான் சாப்பாட்டறைக்குப் போகவில்லை. ஒரு மனிதர் செத்துப்போயிருந்தால், அவரைக் காப்பாற்றியிருக்கலாமே என்று எல்லோரும் பேசுவார்கள். காப்பாற்றிவிட்டால் அப்படி ஒன்று நடக்க இருந்தது என்பதற்கே சாட்சி இல்லாமல் போய்விடுகிறது. நடக்கவே இருந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பழனிசாமி இரண்டு நாள் விடுப்பு எடுத்துவிட்டு வேலைக்கு வந்தார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் துணிப்பை. பழனிசாமியின் மனைவி சரசு என்று சொன்னாள். வீட்டில் தறி ஓட்டுகிறவள். நெய்த சேலைகளை டவுனில் கொடுக்க வந்தவள், வழி விசாரித்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார மறுத்து நின்றுகொண்டே பேசினாள்.

"அன்னிக்கு அவுரு ஊட்டுக்கு வரலீங்க மேடம். பஸ்ஸு எறங்கி, எங்கூட்டுக்கு எதுத்தாப்ல இருக்கற மாரியம்மன் கோயில்ல ஒக்காந்துட்டு இருந்தாருங்க. நான் பாத்துட்டு ஓடுனேன். என்னை ஏறிட்டுப் பாத்துட்டு..." அவளால் மேலே பேச முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னைப் பாத்து, 'ஏனுங்க அம்மிணி, இங்க பழனிசாமி ஊடு எதுங்க?'ன்னு கேட்டாருங்க. மரியாதையா, வேத்தாளைக் கேக்கறாப்ல."

வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்திருக்கிறாள். நெடுநேரம் கழித்துத்தான் அவளை அடையாளம் தெரிந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். செல்வராசுவிடம் ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதும் அதனால்தான்.

"அவுர மறுபடி உள்ள அனுப்பாதீங்க மேடம். ஆனா நான் வந்து சொன்னேன்னு சொல்லீராதீங்க. அந்த வேலைதானுங்க அவுருக்கு உசுரு."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்து அனுப்பினேன். நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைத் தவறாக நினைக்கக்கூடும். ஆனால் முதலில் வந்தது அதுதான். நான் செய்தது சரி என்று தெரிந்துவிட்டது. அப்புறம்தான் அந்தக் கோயிலில் உட்கார்ந்திருந்த மனிதரின் முகம் மனதில் வந்தது. ஓர் அடுக்கு, ஒரே ஓர் அடுக்கு நான் விட்டுக்கொடுத்திருந்தால்?

திங்கட்கிழமை காலை என் மேசைக்குப் புதிய பர்மிட் வந்தது. அடுத்த பழுதுபார்ப்புக்கு உள்ளே இறங்குபவர்கள்: கெங்கவல்லி போயிருந்தவர், அப்புறம் பழனிசாமி. அன்று மத்தியானம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து பொது மேலாளர் விசாரணைக்கு வருவதாகவும் சொன்னார்கள். சரசு சொன்னதை அங்கே சொன்னால் என் பக்கத்துச் சிக்கல் தீர்ந்துவிடும். பழனிசாமியின் பக்கம் என்ன ஆகும்? அதோடு அந்தப் பெண்ணுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லாமல் இருந்தால், அந்த மனிதரை மறுபடி அனலுக்குள் இறக்க நானே கையெழுத்துப் போடவேண்டும். அதை மட்டும் செய்வதில்லை என்று முடிவு செய்தேன். மற்றதில் எனக்குத் தெளிவு இல்லை.

வெல்டிங் கம்பிகளைச் சூடாக வைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் அவர் தனியாக இருந்தார். அங்கே போனேன்.

"உங்க பேர் போட்ட பர்மிட்டுல நான் கையெழுத்துப் போடலை, பழனிசாமி. டாக்டரைப் பாத்துட்டு வாங்க. அவர் சரின்னு சொன்னா போடறேன்."

அவர் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்மேல என்னங்க அப்படி?" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். என் முகத்தில் எதையோ பார்த்திருக்கவேண்டும். மெதுவாகக் கேட்டார்.

"சரசு வந்தாளுங்களா?"

"டாக்டரைப் பாத்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

மத்தியானம் மேலாளரின் அறையில் கூடினோம். பொது மேலாளர், ஆலை மேலாளர், ஆய்வாளர், நான். நடந்ததை ஆலை மேலாளர் சொன்னார். எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் பழனிசாமி பதில் சொன்னார், நடந்து வெளியே வந்தார், வீட்டுக்குத் தனியாகப் போனார் என்றார். எதற்காக அணைத்தீர்கள் என்று பொது மேலாளர் என்னைக் கேட்டார். "அவர் பேசின விதம் சரியில்லை சார்" என்றேன். எழுத்தில் வைத்தால் நிற்காத பதில். அவர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு பழனிசாமியைக் கூப்பிட்டார்கள்.

"அன்னைக்கு உள்ள நீங்க நல்லாத்தானே இருந்தீங்க?" என்று பொது மேலாளர் கேட்டார்.

பழனிசாமி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"நல்லா இருந்தேன்னுதாங்க நெனச்சேன். மேடம் என்னைக் கூப்ட்டாங்களாம். எனக்கு நெனப்பே இல்லீங்க. மூணாவது சுத்துக்கு அப்பறம் என்ன போட்டேன், எப்படிப் போட்டேன், ஒண்ணுந் தெரியாதுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "சாயங்காலம் எங்கூட்டுக்கு முன்னால நின்னுட்டு, எங்கூடு எதுன்னு என் சம்சாரத்துகிட்டயே கேட்டனுங்க."

ஆலை மேலாளர் அவர் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஏன்ப்பா சொல்லலை?"

"சொன்னா என்னை உள்ள உடமாட்டீங்களே சார்."

மேலாளர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலமே பழனிசாமியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வெயில் தணியும்வரை அனலில் இறங்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். நாங்களும் காத்திருந்தோம். வாங்குபவர்களிடம் மேலாளரே நேரில் போய்ப் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவகாசம் வாங்கிக்கொண்டு வந்தார். கலன் குளிர்ந்து கிடந்த நாட்களில், வெடித்த அந்த வெல்டைத் தோண்டி எடுக்கத் தமக்கு அனுமதி வேண்டும் என்று பழனிசாமி செல்வராசுவிடம் சொல்லி அனுப்பினார். சூடு இல்லாத கலன், டாக்டரும் தடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். கிரைண்டரோடு இறங்கி, தாம் போட்டதைத் தாமே வழித்தெடுத்துவிட்டு, முகமெல்லாம் கரியோடு வெளியே வந்தார். "நாலாவது சுத்து கோணலாத்தான் ஓடியிருக்குதுங்க மேடம்" என்றார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவராக என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மழை பிடித்த பிறகு வேலை தொடங்கியது. இந்த முறை இரண்டு வெல்டர்கள், மாற்றி மாற்றி. ஓர் அடுக்குக்கு ஒருவர். மேன்ஹோல் பக்கத்தில் மேலாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே இருப்பவரிடம் என்ன கேட்டால் நிலைமை தெரியும் என்று ஒரு பேச்சு வந்தது. நல்லா இருக்கீங்களா என்று கேட்டுப் பயனில்லை. "ஊடு எங்கன்னு கேக்கலாமுங்க" என்றார் பழனிசாமி. யாரும் சிரிக்கவில்லை. அப்படியே வழக்கமாகிவிட்டது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை செல்வராசு குனிந்து கேட்பார். உள்ளே இருப்பவர் ஊரையும் தெருவையும் சொல்லவேண்டும். தடுமாறினாலோ வேறு எதையாவது சொன்னாலோ மெஷின் அணையும். யாரையும் கேட்கவேண்டியதில்லை.

பழனிசாமியின் முறை வந்தது. பலகையில் படுத்தார், முகமூடியை இறக்கினார். முதல் அடுக்கில் பாதி ஓடியிருக்கும். செல்வராசு நேரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்தார், நிமிர்ந்தார். வேறு யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். அந்த மனிதரிடம் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது?

உள்ளே வெல்டு நின்றது. அனலுக்குள்ளிருந்து குரல் வந்தது, பழைய எரிச்சலோடு.

"என்ன சாமி, நேரமாச்சில்ல? கேளு. இளம்பிள்ளைல, மாரியம்மன் கோயிலுக்கு எதுத்த ஊடு. சரசு இருப்பா."